அறை வெப்பநிலை என்றால் யாருடைய அறை?

போன மாசம் ஆதிச்சநல்லூர் போயிருந்தேன். பரம்பையும் தாழிகளையும் பார்க்க இல்லை, சித்தி வீட்டுக்கு. சித்தி மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து மூணு மாசம் ஆகுது. திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. சீக்கிரம் திரும்பிப் போகணும். அவங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டறிக்கை ஒட்டியிருந்தது. வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள் தாய்ப்பாலை எப்படிச் சேமிக்கணும்னு சொல்கிற தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தாங்களாம். வழவழ பேப்பர், நல்ல அச்சு, சிரிக்கிற அம்மா, கையில் பம்ப்.

இந்தக் குறிப்பு அந்தத் தாளைப் பற்றியது. புத்தகங்களுக்கு விமர்சனம் எழுதுகிற இடத்தில் ஒரு துண்டறிக்கைக்கு விமர்சனமா என்று கேட்கலாம். நாவலைத் தப்பாகப் படித்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. இதைத் தப்பாகப் படித்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும், இல்லைன்னா நல்ல பால் சாக்கடைக்குப் போகும். அதனால் வரி வரியாகவே படித்தேன். அதே மாதிரியான தமிழ்த் தாள்கள் இன்னும் நாலைந்து தேடி எடுத்தும் பார்த்தேன். எல்லாம் ஒரே முகஜாடை.

முதலில் நியாயமாகச் சொல்லிடுறேன்: தாளில் உள்ள எண்கள் பொய்யில்லை. அறை வெப்பநிலையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிற கணக்கு இது. தாய்ப்பால் மாட்டுப்பால் மாதிரி உடனே கெடுவதில்லை. அதில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கு (ஐஜிஏ, லாக்டோஃபெரின்), உயிருள்ள வெள்ளை அணுக்களும் இருக்கு. முதல் சில மணி நேரம் கிருமி பெருகுவதை அவையே தடுத்து நிற்கும். அதனால்தான் காய்ச்சாத பாலை வெளியே வைக்க முடிகிறது.

ஆனால் மூலத்தில் "அறை வெப்பநிலை" என்கிற சொல்லோடு ஓர் எண்ணும் உண்டு: 25 டிகிரி செல்சியஸ் வரை. தமிழுக்கு வரும் வழியில் அந்த எண் உதிர்ந்துவிட்டது. நான் எடுத்துப் பார்த்த தாள்களில் ஒன்றில்கூட இல்லை. சித்தி வீட்டு நடுக்கூடத்தில் டிசம்பர் மழைக்காலத்தில் ராத்திரி வேணா 25 டிகிரி இருக்கலாம். மே மாசம் பாளையங்கோட்டையில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆதிச்சநல்லூர் அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவுதான், வெயிலில் பெரிய வித்தியாசம் கிடையாது. தாய்ப்பால் மருத்துவத்துக்கான பன்னாட்டு அகாதமி 2017இல் வெளியிட்ட நெறிமுறையில் 27 முதல் 32 டிகிரி வரைக்கும் ஏறக்குறைய 4 மணி நேரம் என்று ஒரு வரி இருக்கு. அதற்கு மேலே சூடு போனால் நேரம் குறையும், அவ்வளவுதான். எட்டு மணி நேரம் வரை வைக்கலாம் என்கிற கையேடுகளும் நம்ம நாட்டில் புழங்குது. ஓட்டு வீட்டுக்குள் சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம்னா எனக்குத் துணிச்சல் வராது.

ஃப்ரீசர் 6 மாசம் என்பதிலும் இதே கதை. அது மைனஸ் 18 டிகிரி பிடிக்கிற, தனிக் கதவுள்ள ஃப்ரீசருக்கான கணக்கு. நம்ம வீடுகளில் இருக்கிற ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் உள்ளே ஐஸ்கட்டி வைக்கிற சின்னப் பெட்டி அந்தக் குளிரை எட்டாது. அதற்குப் பழைய வழிகாட்டிகள் இரண்டு வாரம்தான் சொல்லும். தாளில் இந்தப் பிரிவு கிடையாது. கரண்ட் போனால் என்ன செய்யணும் என்பதும் கிடையாது.

இதெல்லாம் மொழிபெயர்ப்பில் விட்டுப்போன எண்கள், சேர்த்துவிடலாம். எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. அந்தத் தாள் யாரோடு பேசுகிறது?

அம்மாவோடு பேசுகிறது. வரிக்கு வரி "நீங்கள் பாலை எடுத்து", "நீங்கள் லேபிள் ஒட்டி". சரி. ஆனால் அம்மா காலையில் எட்டு மணிக்குக் கிளம்பிப் போனபிறகு அந்தப் பாலை எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்கப்போவது யார்? சித்தி. ஆச்சி. பக்கத்து வீட்டு மைனி. அவங்களுக்கு அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கு. அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் மைக்ரோவேவ் கிடையாது. அடுப்பில் வைத்துக் காய்ச்சாதீர்கள் என்பதுதான் சித்திக்குச் சொல்லவேண்டிய வரி. நம்ம வீட்டில் பால் என்றால் காய்ச்சணும், பொங்கணும், அப்புறம்தான் பால். காய்ச்சாத பாலைப் பச்சப்பிள்ளைக்குக் கொடுன்னா எந்த ஆச்சி கேட்பாள்? வெதுவெதுப்பான தண்ணிக்குள் கிண்ணத்தை வைத்தால் போதும், காய்ச்சினால் அந்த எதிர்ப்புச் சக்தி போயிடும்னு அவங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதணும். எழுதவில்லை.

வாசனை விஷயமும் அப்படித்தான். பாலில் லைபேஸ் என்று ஒரு நொதி இருக்கு. அது ஃபிரிட்ஜில் வைத்த பிறகும் கொழுப்பைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். அதனால் சிலருடைய பால் எடுத்துப் பார்க்கும்போது சோப்பு மாதிரி மணக்கும். கெட்டுப்போகவில்லை, கொடுக்கலாம். மேலே ஏடு மாதிரி கொழுப்பு பிரிந்து நிற்பதும் அப்படித்தான், மெதுவா ஆட்டினால் கலந்துவிடும். இது தெரியாத வீட்டில் என்ன நடக்கும்? மோந்து பார்த்து, "பால் திரிஞ்சிட்டுட்டீ" என்று கீழே ஊற்றுவாங்க. முதல் குழந்தைக்கு அப்படித்தான் நடந்தது. அவள் ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்து சேர்த்து வைத்ததைச் சித்தி திங்கள்கிழமை கீழே கொட்டினாள். சித்தியைக் குறை சொல்ல முடியாது.

இப்போ இந்தத் தாளின் பூர்வீகத்துக்கு வர்றேன். இந்த அட்டவணை ஏன் இவ்வளவு நுணுக்கமாக அமெரிக்காவில் உருவானது? அங்கே சம்பளத்தோடு பேறுகால விடுப்பு தருகிற தேசியச் சட்டம் கிடையாது. 1993 சட்டப்படி 12 வாரம் லீவு, அதுவும் சம்பளம் இல்லாமல், அதுவும் 50 பேருக்கு மேல் வேலை செய்கிற தனியார் நிறுவனங்களில்தான். ஆறு வாரத்திலும் எட்டு வாரத்திலும் வேலைக்குத் திரும்புகிற அம்மாக்கள் நிறைய. குழந்தையை விட்டு அவ்வளவு சீக்கிரம் பிரிய வேண்டியிருக்கிற ஊரில்தான் பம்பும் பையும் ஒரு தொழிலாகவே வளரும். ஆனால் அதே நாட்டில் 2010இல் சட்டம் ஒன்று சொன்னது: குழந்தைக்கு ஒரு வயசு ஆகும்வரை, பால் எடுக்க நேரம் கொடு, அதற்கு ஓர் இடம் கொடு, அந்த இடம் கழிப்பறையாக இருக்கக்கூடாது, பிறர் பார்வை படக்கூடாது, யாரும் உள்ளே வரக்கூடாது. 2022 டிசம்பரில் ஆசிரியர்கள், நர்சுகள் என்று இன்னும் பலருக்கு அதை விரித்தார்கள். அதாவது அந்த அட்டவணைக்குப் பின்னால் ஒரு கதவும் தாழ்ப்பாளும் இருக்கு. நமக்கு வந்தது அட்டவணை மட்டும்.

நம்ம சட்டம் நேர் எதிர்த் திசையில் நின்று யோசிக்கிறது. 1961 பேறுகாலப் பயன்கள் சட்டத்தில், வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தையின் பதினைந்தாவது மாதம் வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. சுரங்க வேலைக்கான மத்திய விதிகளில் ஒவ்வொன்றும் 15 நிமிடம். குழந்தை இருக்கிற இடத்துக்கு நடந்து போய்வர 5 முதல் 15 நிமிடம் தனியாக. இதைப் படிக்கும்போது அந்தக் காலத்து ஆலையும் அதன் ஓரத்தில் தொட்டில் கட்டின ஒரு கொட்டகையும் கண்ணுக்குத் தெரியுது. குழந்தை கூப்பிடு தூரத்தில் இருக்கும், தாய் எழுந்து போய் ஊட்டிவிட்டு வருவாள் என்கிற நம்பிக்கை. அந்தக் காலத்துக்கு நல்ல யோசனை. 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேர் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தினம் நாலு தடவை தாய் போய்ப் பார்க்கலாம் என்றும் சேர்த்தது. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் ஏறக்குறைய அதே வாசகங்கள்தான். பாலூட்டுவது உண்டு. பாலை எடுத்து வைப்பது என்கிற வினையே இல்லை.

ஆதிச்சநல்லூரில் குழந்தை, திருநெல்வேலியில் கடை, நடுவில் திருச்செந்தூர் ரோடு. 15 நிமிட இடைவேளையில் எங்கே போய் ஊட்ட? முதல் குழந்தைக்கு இவள் நாலாவது மாசத்தில் திரும்பிப் போனாள். கடையில் லீவு வேணும்னா எடுத்துக்கோ, சம்பளம் கேக்காதேன்னாங்களாம். (10 பேருக்கு மேல் வேலை செய்கிற கடைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பாளா என்பது வேறு.) பதினோரு மணிக்கெல்லாம் பால் கட்டிக்கும். நெஞ்சு கல்லு மாதிரி ஆயிடும், யாராவது லேசா இடிச்சாலும் உயிர் போயிடும்யக்கா என்றாள். சேலை நனைஞ்சிடுமோன்னு துண்டை உள்ளே மடிச்சு வைத்துக்கொண்டு கஸ்டமருக்குப் புடவை விரித்துக் காட்டியிருக்காள். மத்தியானம் பாத்ரூமில் போய்ச் சுவரில் பீச்சிவிட்டு வருவாள்.

அந்தப் பால் வீணாவது பாதி நஷ்டம்தான். மார்பில் பால் தேங்கி நின்றால், இனி இவ்வளவு வேண்டாம்னு சுரப்பியே புரிந்துகொண்டு சுரப்பைக் குறைக்கும். பாலிலேயே அதற்கான ஒரு தடுப்புப் பொருள் இருக்கு. அதனால் வேலை இடத்தில் பாலை எடுப்பது நாளைக்குக் கொடுக்கிற பாலுக்காக மட்டுமில்லை, அடுத்த மாசமும் பால் வரணும் என்பதற்காகவும். துண்டறிக்கையின் சேமிப்பு என்கிற சொல் இந்த இடத்தில் ஏமாற்றுகிறது. ஏதோ கையில் மிச்சம் இருப்பதை உண்டியலில் போடுகிற மாதிரி. உண்மையில் எடுக்காவிட்டால் வரவே நின்றுவிடும். அவளுக்கு ஆறாவது மாசம் நின்றுவிட்டது. மாவுப்பால் டின் வாங்க ஆரம்பித்தார்கள்.

ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காருவதற்கே தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத்திருத்தம் வந்தது, நினைவிருக்கலாம். கடைகள் சட்டத்தில் ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று அப்போதுதான் சேர்த்தார்கள். நாற்காலிக்கே அவ்வளவு காலம் என்றால் கதவுக்கு எவ்வளவு என்று கேட்கத் தோணுது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. அரசு ஊழியருக்கு 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் ஒரு வருஷம் என்று பேறுகால விடுப்பு நீண்டது. இந்தியாவிலேயே தாராளமான விடுப்புகளில் ஒன்று. ஒரு வருஷம் லீவு கிடைக்கிறவளுக்கு இந்தத் துண்டறிக்கையே அவசியப்படாது. அது தேவைப்படுகிறவள் வேறொருத்தி.

2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் முந்நூற்றைம்பதுக்கும் மேல் பாலூட்டும் அறைகளைத் திறந்தார்கள். அப்போது நான் இங்கேயே கொஞ்சம் கிண்டலாக எழுதியிருந்தேன். தப்பு. பஸ் மாறுகிற அரைமணி நேரத்தில் கைக்குழந்தையோடு நிற்கிறவளுக்கு அது பெரிய காரியம். ஆனால் அதுவும் குழந்தையோடு வருகிறவளுக்கான அறை. போன வாரம் ஒரு பஸ் ஸ்டாண்டில் (ஊர் வேண்டாம்) அந்த அறையைப் பார்த்தேன். பூட்டியிருந்தது. சாவி டைம் கீப்பர்ட்ட இருக்குன்னாங்க. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். திறந்தே இருந்தாலும் குழந்தை இல்லாமல் ஒருத்தி கையில் ஒரு டப்பாவோடு உள்ளே போனால் ஆயாம்மா என்ன கேட்பாங்க என்று யோசித்தேன்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று (2019–21) ஒரு விசித்திரத்தைக் காட்டுது. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில். ஆறு மாசத்துக்குள் உள்ள குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவை 55.1 சதவீதம். நாட்டின் சராசரி 63.7. வேலைதான் காரணம்னு இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். நாற்பத்தைந்து சதவீதம் பக்கம் சிசேரியன் நடக்கிற மாநிலத்தில் வேறு காரணங்களும் இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் தாள் கொடுத்து அனுப்புவதோடு வேலை முடியவில்லை என்பது மட்டும் தெரியுது.

இன்னொரு பக்கம், 2024 மே மாசக் கடைசியில் சென்னை மாதவரத்தில் ஒரு கடையில் தாய்ப்பாலைப் பாட்டிலில் அடைத்து விற்றார்கள் என்று உணவுப் பாதுகாப்புத் துறை பூட்டிச் சீல் வைத்தது. 50 மில்லி 500 ரூபாய் என்று செய்திகளில் வந்தது. தாய்ப்பாலை விற்கக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுற்றறிக்கை விட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அரசு ஆஸ்பத்திரிப் பால் வங்கிகளில் தானமாக வாங்கி, 62.5 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கி, குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். விற்பனை கூடாது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பாத்ரூம் சுவரில் பீச்சினது எத்தனை 50 மில்லி என்று மட்டும் மனசு கணக்குப் போட்டது.

தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களை இந்தத் தாள் நினைத்தே பார்த்திருக்காது. வெயிலுக்கு முந்த விடியுமுன்னே போய் முற்பகலில் திரும்புகிற வேலை. அங்கே அறை ஏது, வெப்பநிலை ஏது. வரப்பு மட்டும்தான். சட்டப்படிப் பேறுகாலச் சம்பளம் கேட்க முந்தைய பன்னிரண்டு மாசத்தில் 80 நாள் வேலை செய்ததைக் காட்டணும். தினக்கூலிக்குக் கையெழுத்து எங்கே? நூறு நாள் வேலையிலாவது ஒரு நல்ல விதி இருக்கு: வேலை இடத்துக்கு ஐந்து வயசுக்குக் கீழே ஐந்து குழந்தைகள் வந்தால், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி தரணும். வயல் வேலைக்காரர்கள் எப்போதும் செய்துவந்ததுதான் இது. மரத்தில் சேலைத் தொட்டில், பார்த்துக்க ஒரு கிழவி, மத்தியானம் வந்து பால் கொடுத்துட்டுப் போகிற தாய். விதியாக எழுதின ஆள் அதைப் பார்த்திருக்கணும்.

அப்படியானால் இந்தப் பக்கத்துக்கு ஒரு தாள் எழுதினால் அதில் என்ன இருக்கும்? பம்ப் இருக்காது. கையால் எடுக்கலாம்: கையைக் கழுவி, கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரலும் மற்ற விரல்களும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடணும். தோலைத் தேய்க்கக்கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்து இருபது, முப்பது நிமிஷம். மூடியுள்ள எவர்சில்வர் டப்பா, கொதிநீரில் கழுவினது. கொடுக்கப் பாட்டில் வேண்டாம், சங்கு போதும். பாலாடை என்றும் சொல்வோமே, அதேதான். பச்சிளங்குழந்தை மருத்துவ நூல்களில் ஆங்கிலத்திலும் அதற்குப் பெயர் பாலாடைதான். உலகம் நம்மிடம் எடுத்துக்கொண்ட பொருளை, நம்ம தாளில் பாட்டில் படம் போட்டு மறைத்து வைத்திருக்கிறார்கள்.

ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் மண்பானைத் தண்ணிக்குள் டப்பாவை வைப்பது வெளியே வைப்பதை விட மேல். ஆனால் பானை காற்று உலர்ந்திருந்தால்தான் நன்றாகக் குளிரும். ஆனி ஆடி மேல்காற்றில் ஆதிச்சநல்லூர்ப் பானை ஜில்லென்று இருக்கும். கடற்கரையில் ஈரக்காற்று, அவ்வளவு இறங்காது. அதனால் மண்பானையை நம்பி நேரத்தை நீட்டக்கூடாது. (தாழியையும் பானையையும் முடிச்சுப் போட்டு ஏதாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கணும்.)

ஐஸ்தான் சரியான வழி. ஐஸ் பேக்கோடு மூடின காப்புப் பெட்டியில் 24 மணி நேரம் வரை தாங்கும் என்று அதே அமெரிக்க அட்டவணை சொல்கிறது. தமிழ்த் தாளில் அந்த வரியைக் காணோம். இந்தக் கரையில் ஐஸ் பெட்டி தெரியாதவர் யார்? தூத்துக்குடியில் பிடித்த மீன் தெர்மாகோல் பெட்டியில் கெடாமல் கேரளா போகுது. புதுசாக ஒரு சின்னப் பெட்டி, ராத்திரி வீட்டு ஃபிரிட்ஜில் உறைய வைத்த இரண்டு ஐஸ் பேக். கடையில் ஃபிரிட்ஜ் கேட்க வேண்டாம். கேட்க வேண்டியது தினம் இரண்டு தடவை இருபது நிமிஷமும் ஒரு கதவும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, சித்திக்கென்று பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் மூணு வரி போட்டு (காய்ச்சாதே, மோந்து பார்த்துக் கொட்டாதே, குடிச்ச மிச்சத்தை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதே) ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்தேன். முருகன் படத்தைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது.

நேத்து ஃபோன் பண்ணினாள். மேனேஜர்ட்ட கேட்டாளாம். முதலில் சிரித்திருக்கார், அப்புறம் அவர் சம்சாரத்திடம் பேசினாரோ என்னவோ, ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு மூலை தர்றேன்னிருக்கார். ஸ்டூல் இருக்காம். தாழ்ப்பாள் மட்டும் அவளே வாங்கிப் போட்டுக்கணுமாம்.